தோட்டத்து வீட்டுக்குப் போன கேக்கு

செவ்வந்தி எதைக் கட்டினாலும் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மடித்து உள்ளே செருகித்தான் முடிப்பாள். முறுக்குப் பெட்டியானாலும் சரி, ஊருக்குக் கொடுத்துவிடும் துணிமூட்டையானாலும் சரி, ஒரே கட்டுதான். காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ் ஓட்டும் அவள் கணவன் சாமுவேல் கல்யாணமான நாளாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "உங்கொம்மா கட்டுன கட்ட அவுக்கோணும்னா அவளையேதான் கூப்புடோணும்" என்று மகள் அன்புமணியிடம் சொல்லிச் சிரிப்பான்.

சிரிப்பதில் தப்பில்லை. அந்த முடிச்சில் வெளியே தெரியும் நுனிகள் இரண்டு. ஒன்றை இழுத்தால் இன்னும் இறுகும். மற்றதை இழுத்தால் ஒரு நொடியில் நழுவிக் கையோடு வந்துவிடும். எது எந்த நுனி என்று அவளுக்குத்தான் தெரியும். ஆடு கட்டுகிற முடிச்சு அது. ஆடு எவ்வளவு முண்டினாலும் அவிழாது, குழந்தை ஒரு இழுப்பு இழுத்தால் அவிழும். சின்ன வயதில் ஆடு மேய்க்கும்போது பழகியதை, ஒரு சுற்றைக் கூட்டி அவள் தனதாக்கிக்கொண்டாள். நூலில் முதன்முதலாக அதைப் போட்டது பத்து வயதில், ஒரு கேக்குப் பெட்டியின் மேல்.

உடுமலைப்பேட்டையிலிருந்து அமராவதி அணைக்குப் போகும் பாதையில் செவ்வந்தி பிறந்த ஊர். அப்பா சின்னான், அப்புசாமி என்பவருடைய தென்னந்தோப்பில் வேலை. அம்மா மாசாணியம்மாள் அதே தோப்பின் கொப்பரைக் களத்தில். ஊருக்குக் கீழ்க்கோடியில் ஓடு போட்ட சின்ன வேதக் கோயில், அதன் மணி ஒரு மரக்கொம்பில் தொங்கும். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டில் கச்சாயம் சுடுவார்கள். அரிசி மாவில் வெல்லப்பாகு ஊற்றிப் பிசைந்து, தட்டி, எண்ணெயில் போட்டு எடுப்பது. மாசாணியம்மாளின் கச்சாயம் பஞ்சு மாதிரி இருக்கும் என்று கோயிலில் பேர். ஆனால் அப்புசாமியின் தோட்டத்து வீட்டுக்கு அது போகாது. சின்னான் உடுமலைக்கு பஸ் ஏறி, பேக்கரியில் ஒரு கிலோ கேக்கு வாங்கி வந்து அங்கே கொடுப்பார். சின்னான் வீட்டில் சுட்டது தோட்டத்து வீட்டுக்குள் நுழையாது. பேக்கரியில் கட்டிய பெட்டி நுழையலாம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லி செவ்வந்தி கேட்டதில்லை. மழைக்காலம் வந்தால் வாய்க்காலில் தண்ணீர் வரும் என்பதைப் போல எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

அந்த வயதில் அவளுக்கு இரண்டே ஆசைகள். ஒன்று, கீழே மூன்று அடுக்கு சுருக்கம் வைத்த கவுன். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று அம்மா எப்போதும் ஒரு அளவு கூட்டியே தைப்பாள், அதில் சுருக்கத்துக்குத் துணி மிஞ்சாது. இன்னொன்று, அந்தக் கேக்கில் ஒரு துண்டு. கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் உலக சமாதானத்துக்கு வேண்டும்போது அவள் கேக்கைத்தான் வேண்டுவாள்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவது அவள் வேலை. பத்தாவது வயதில், பஸ்ஸை விட்டு இறங்கியதும், அப்பா கடையில் வெற்றிலை வாங்கப் போன நேரத்தில் அவள் நூலைப் பிரித்து மூடியைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைக் கிரீம். அதன்மேல் ரோஸ் நிறத்தில் மூன்று பூ. நடுவில் ஒரு செர்ரிப் பழம். தொடவில்லை. தின்ன முடியாததை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். மறுபடி கட்டப் போனால் பேக்கரிக்காரர் போட்ட முடிச்சு வரவில்லை. கைக்கு வந்தது ஆட்டு முடிச்சு. அப்பா கவனிக்கவில்லை. தோட்டத்து வீட்டம்மா மாரியாத்தாளும் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கம் நின்றபடி அப்பா நீட்ட, "ஏங்கண்ணு, நல்லாப் படிக்கறயா?" என்று இவளிடம் கேட்டுக்கொண்டே வாங்கித் திண்டில் வைத்தாள். பதிலுக்கு ஒரு வாழைத்தார், அப்பாவுக்கு வேட்டி, அம்மாவுக்குச் சேலை. கை தாராளமான மனுஷிதான், குறை சொல்ல முடியாது.

அடுத்த நாள் அப்பா வேலைக்குப் போய்த் திரும்பும்போது முகம் மலர்ந்திருக்கும். "கேக்கு தேனாட்டம் இருந்துச்சு சின்னான்னு சொன்னாங்க அம்மணி" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பொங்கல் வரைக்கும் தெம்பாக நடப்பார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் செவ்வந்தி பெட்டியைத் திறந்து பார்ப்பதும் கட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

எட்டாம் வகுப்பில் படிக்கும்போதுதான் அது நடந்தது. அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாள். வாத்தியார் சென்னகேசவன் உடுமலையிலிருந்து வருபவர். சாயங்காலம் தோட்டத்து வீட்டுப் பையன் அருண்குமாருக்கு டியூஷன் எடுப்பார். அன்றைக்கு வகுப்புக்குள் வரும்போது அவர் கையில் ஒரு பெட்டி இருந்தது. மேசைமேல் வைத்து நூலை இழுத்தார். அது இறுகியது. இன்னும் பலமாக இழுத்தார், இன்னும் இறுகியது. "யாருகிட்டடா பிளேடு இருக்குது?" என்று கேட்டார்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து செவ்வந்தி அந்த முடிச்சைப் பார்த்தாள். அவள் கட்டிய முடிச்சேதான். வகுப்பில் கேள்வி கேட்டால்கூட எழுந்து பதில் சொல்லக் கூசுகிறவள், அன்றைக்கு யாரும் கூப்பிடாமலே எழுந்து போய், வலது பக்க நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, வந்து உட்கார்ந்துகொண்டாள். வாத்தியார் ஆச்சரியமாகப் பார்த்தார். உள்ளே மூன்று ரோஸ் பூவும் ஒரு செர்ரியும் அலுங்காமல் இருந்தன.

முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் பங்கு வைத்தபோது ஆளுக்குக் கட்டைவிரல் அளவு வந்தது. பத்து நாள் பழசு. ஓரம் காய்ந்து, கிரீமில் ஃபிரிட்ஜ் வாசம் அடித்தது. அத்தனை வருடம் அவள் வேண்டிக்கொண்ட கேக்கு அன்றைக்குத்தான் வாய்க்கு வந்தது. மென்று விழுங்கினாள். அதோடு அந்த ஆசை தீர்ந்தது. இன்றைக்கும் அவள் கேக்கு தின்பதில்லை.

வீட்டுக்குப் போய் அவள் எதுவும் சொல்லவில்லை. அந்த வருடமும் அப்பா "தேனாட்டம்" என்று வந்து சொல்லியிருந்தார். அதை அவரிடமிருந்து பிடுங்குவதற்கு அவளுக்கு மனசில்லை.

முழுப் பரீட்சையோடு அவள் படிப்பு நின்றது. அம்மாவோடு கொப்பரைக் களத்துக்குப் போனாள். பேச்சு குறைந்த பெண்ணுக்குக் கண் கூடுதலாக வேலை செய்யும். அடுத்த வருடம் அதே முடிச்சோடு பெட்டியை மாட்டு டாக்டரின் பைக் பின்னால் பார்த்தாள். அதற்கடுத்த வருடம் ரேஷன் கடை மேசையில். கிறிஸ்துமஸ் என்றால் அவளுக்கு இப்போது ஆசை வேறு. கவுன் மறந்துபோயிற்று. ஒரே ஒரு வருடமாவது அந்த வீட்டில் யாராவது இந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல் தேட வேண்டும். கண்ணை மூடினால் அதுதான் வேண்டுதல்.

பதினேழு வயதில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். முதல் கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்குச் சட்டை, அம்மாவுக்குச் சேலை, தோட்டத்து வீட்டுக்கு இரண்டு அடுக்குக் கேக்கு. கூட வேலை செய்த பெண்கள், உனக்கு என்னடி எடுத்தாய் என்று கேட்ட பிறகுதான் தனக்கு ஒன்றும் எடுக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. அது அவளுக்கு வருத்தமாகவும் இல்லை. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்ததை ஒரு மாதம் நினைத்து நினைத்துப் பார்த்தாள். இரண்டு அடுக்குக் கேக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. கட்டு அவிழாமல் போயிருக்கும், அது மட்டும் தெரியும்.

சாமுவேலைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூர் ரத்தினபுரிக்கு வந்த பிறகு, கோயில் விற்பனைக்காக ஒரு தடவை முறுக்குச் சுட்டுக் கொடுத்தாள். அடுத்த மாதம் நான்கு வீட்டில் கேட்டார்கள். பிறகு ஒரு ஆபீஸில் கேட்டார்கள். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சமையற்கட்டில் அவளோடு ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். முறுக்கும் கச்சாயமும் காந்திபுரத்தில் நிஜாம் என்பவருடைய கடைக்குப் போகின்றன. பெட்டியில் பேர் அச்சடித்து ஒட்டச் சொல்லி நிஜாம் பல தடவை கேட்டுவிட்டார். அவள் சரி சரி என்பாள், ஒட்ட மாட்டாள். "பேருதான் வேண்டாம், இந்த நூலையாவது உடுங்கக்கா. டேப் ஒட்டுங்க. அவுக்கத் தெரியாம கஸ்டமரெல்லாம் என்னையத் திட்டறாங்க" என்று ஒருநாள் முறையிட்டார். செவ்வந்தி அதற்கும் சிரித்துவிட்டு, வழக்கம்போல் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் கட்டினாள்.

அன்புமணி சின்னவளாக இருந்தபோது கிறிஸ்துமஸுக்குச் சைக்கிள் கேட்டாள், அப்புறம் செல்போன் கேட்டாள். காலேஜில் சேர்ந்த வருடம், "எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, நீ ஒரு நல்ல சேல எடு" என்றாள். தனக்கு வேண்டாம் என்கிற இந்தப் புத்தி இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று செவ்வந்திக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

போன வருடம் நவம்பர் கடைசியில் அப்பா போன் செய்தார். அம்மா இறந்து இரண்டு வருடம். அவர் ஊரிலேயே தனியாக இருக்கிறார். வேலையை விட்டுப் பல வருடமாகியும், அப்புசாமி காலமான பிறகும்கூட, கேக்கு கொண்டுபோவதை மட்டும் அவர் விடவில்லை. "முழங்கால் ஒத்துழைக்க மாட்டீங்குது கண்ணு. உடுமல வரைக்கும் போக முடியாது. இந்த வருசம் கேக்க நீயே கோயமுத்தூர்ல வாங்கியாந்துபோடு. தோட்டத்துக்கு ரெண்டு பேருமாப் போலாம்" என்றார்.

சரிங்கப்பா என்று சொல்லி போனை வைத்தாள். மூன்று வாரம் யோசித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அம்மாவின் கைப்பக்குவத்தில் கச்சாயம் சுட்டு, அம்மாவின் பழைய எவர்சில்வர் தூக்குப்போசியில் அடுக்கினாள். மூடியை அழுத்தி மூடினாள். நூல் கட்டவில்லை.

அவள் கணக்கு இதுதான். பெட்டி என்றால் வாங்கிய கையோடு இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். போசியை அப்படிக் கொடுக்க முடியாது. அது திரும்பி வரவேண்டிய பாத்திரம். அந்த வீட்டிலேயே யாராவது மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தங்கள் பாத்திரத்தில் கொட்டியாக வேண்டும்.

மறுநாள் ஊரில் கோயில் முடிந்து மத்தியானம் கிளம்பும்போது அப்பா அதைப் பார்த்துவிட்டார். "கேக்கு எங்க?"

"கேக்கு இல்லீங்கப்பா. கச்சாயம். அம்மா சுடற மாதர சுட்டிருக்கறேன்."

அவர் அப்படியே நின்றுவிட்டார். "போசில கொண்டுட்டுப் போறதா? அங்கயா? கண்ணு, நீ டவுன்ல இருந்துட்டு எல்லாத்தையும் மறந்துபோட்ட. வாங்கலீன்னா என்ன பண்டுவ?"

"வாங்கலீன்னா திருப்பிக் கொண்டாந்து நாம தின்னுக்கலாமுங்க."

சொல்வதற்கு எளிதாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் அவளுக்கு இருந்த பயம் வேறு. மாரியாத்தாள் வாங்கத் தயங்கினால், முப்பது வருடத்துக்கு மேல் தான் சுமந்துபோன கேக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று அப்பாவுக்கு ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். "தேனாட்டம்" என்ற வார்த்தை அவரிடமிருந்து போய்விடும். அதற்கு அவள்தான் காரணமாவாள். இருந்தாலும் போசியைக் கையில் எடுத்துக்கொண்டாள். கடையில் வாங்கிய இன்னொரு பெட்டியைக் கொண்டுபோக அவள் கை இனி வராது.

தோட்டத்து வீடு மாறியிருந்தது. அருண்குமார் கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனி வைத்திருந்தான். லீவுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மனைவி நந்திதா அவர்களைப் பொடக்காளிக்குப் போக விடாமல் முன்வாசலிலேயே கூப்பிட்டு, உள்ளே நாற்காலி போட்டாள். அப்பா நாற்காலியின் விளிம்பில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்கிற மாதிரி உட்கார்ந்தார். மாரியாத்தாள் எதிரே கட்டிலில் காலை நீட்டியிருந்தாள். முடி பஞ்சாக நரைத்திருந்தது. "வா கண்ணு. சின்னா, முழங்கால் எப்பிடி இருக்குது?" என்றாள். அவள் பார்வை போசிமேல் ஒருமுறை போய்விட்டு வந்ததை செவ்வந்தி கவனித்தாள். போசியை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

நந்திதா ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். செவ்வந்தி ஒன்றை எடுத்தாள். கடிக்கவில்லை. எள்ளும் ஓமமும் சேர்ந்து, வெளிச்சுற்று உள்சுற்றைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருக்கிற அந்த முறுக்கை அவள் இருட்டிலும் அடையாளம் சொல்லுவாள். நிமிர்ந்து சமையற்கட்டுப் பக்கம் பார்த்தாள். அலமாரியில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் நூல் அறுபட்டுத் தொங்கியது. இன்னொன்று கட்டியபடி இருந்தது.

"காந்திபுரத்துல ஒரு கடையில வாங்கறதுங்க்கா. அத்தைக்கு இந்த முறுக்கு இல்லீன்னா ஆகாது. ரெண்டு வருசமா வேற எதையும் தொடறதில்ல" என்றாள் நந்திதா. "என்ன ஒண்ணு, அந்த நூல அறுக்கறதுக்கு ஊடு பூரா கத்திரிக்கோல் தேடோணும்."

செவ்வந்தி எழுந்தாள். போசியை நாற்காலியில் வைத்துவிட்டு அலமாரிக்குப் போய், கட்டியிருந்த பெட்டியை எடுத்து வந்து, எல்லோரும் பார்க்க வலது நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். நூல் நழுவி அவள் கையோடு வந்தது.

"அட. எப்பிடிங்க்கா?"

"கட்டுனது நாந்தானுங்க" என்றாள் செவ்வந்தி. "முறுக்கும் நான் சுட்டதுதான். இந்தப் போசில இருக்கற கச்சாயமும் நான் சுட்டதுதானுங்க."

அருண்குமார் உள்ளறையிலிருந்து வந்து கதவோரம் நின்றான். மாரியாத்தாள் கையிலிருந்த பாதி முறுக்கைப் பார்த்தாள், பிறகு செவ்வந்தியைப் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளா உன்ற கையிலதான் தின்னுட்டு இருக்கறனாக்கும்" என்றாள்.

"ஆமாங்க."

அப்பாவுக்கு நடப்பது எதுவும் முழுதாகப் பிடிபடவில்லை. நிலைமையைச் சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. வருசா வருசம் கேக்குத்தான் கொண்டாருவேன். இந்த வருசம் பாப்பாதான் இப்பிடிப் பண்டிப்போட்டா. கேக்கு தேனாட்டம் இருக்கும்னு சொல்லுவீங்களே."

மாரியாத்தாள் செவ்வந்தியையும் அவள் கையிலிருந்த நூலையும் மாறி மாறிப் பார்த்தாள். வாத்தியாரிடம் போனது, மாட்டு டாக்டரிடம் போனது எல்லாம் இந்தப் பெண்ணுக்குத் தெரியும் என்பது அந்த அம்மாவுக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். செவ்வந்தி பார்வையைத் தாழ்த்தவில்லை.

"கேக்கு எனக்கு ஆகாது சின்னா" என்றாள் மாரியாத்தாள் கடைசியில். "முட்டை போட்டது. நாந் தின்னதில்ல. உன்ற மனசு நோகக் கூடாதுன்னு அப்பிடிச் சொல்லிப்போட்டேன்."

அப்பா வாயைப் பிளந்தார். "அட ஏனுங்க அம்மணி, ஒரு வார்த்த சொல்லியிருந்தா முட்டை இல்லாத கேக்கே வாங்கியாந்திருப்பனுங்களே."

மாரியாத்தாள் பாதி முறுக்கைத் தட்டில் வைத்தாள். அதே வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன குழம்பு கொதிக்கும் என்பது தோப்பில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அப்பா அந்த முட்டையை அப்படியே நம்பிவிட்டார். நம்பியது மட்டுமல்ல, தன் பேரில்தான் தப்பு என்று வருத்தப்படவும் செய்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள் செவ்வந்தி. அப்பாவுக்கு அது போதும். தனக்குப் போதாது, அதனால் போசியை எடுத்து மாரியாத்தாள் முன்னால் நீட்டினாள்.

"இதுல முட்டை இல்லீங்க" என்றாள்.

மாரியாத்தாள் இரண்டு கையாலும் வாங்கினாள். மூடியை அவளே திறந்தாள். ஒரு கச்சாயத்தை எடுத்துப் பிட்டு வாயில் போட்டு, மெதுவாக மென்றாள். "மாசாணி இருந்தாளே, அவளோட பக்குவமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும், "நல்லா இருக்குது" என்றாள். தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. இன்னொன்றை எடுத்துக்கொண்டு, போசியை நந்திதாவிடம் கொடுத்தாள். "கொட்டி வையி. போசி இங்கயே இருக்கட்டும். வெறும் போசியக் குடுத்தனுப்பக் கூடாது."

திரும்பி நடக்கும்போது அப்பா வழியெல்லாம் முட்டையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். முட்டையில்லாத கேக்கு எந்த பேக்கரியில் கிடைக்கும் என்று அடுத்த வருடத்துக்கு யோசனை செய்தார். வேண்டாமுங்கப்பா, இனிமே கச்சாயம்தான் என்றாள் செவ்வந்தி. அதுவும் சரிதான் என்று கொஞ்ச தூரம் போன பிறகு ஒத்துக்கொண்டார்.

பொங்கல் முடிந்த மறுநாள் ரத்தினபுரிச் சந்துக்குள் ஒரு கார் வந்து நின்றது. அருண்குமார் இறங்கி, போசியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே அவர்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல், முந்திரியும் தேங்காயும் போட்டு. சாமுவேலும் அன்புமணியும் அன்றைக்கே அதைக் காலி செய்துவிட்டார்கள்.

இப்போது மறுபடி டிசம்பர். ஆர்டர் போன வருடத்தைவிடக் கூடுதல். ஐந்தாவதாக ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்திருக்கிறாள். நிஜாம் இன்னும் டேப் ஒட்டச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அன்புமணி சொன்ன சேலையை எடுத்தாகிவிட்டது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. அப்பா வரும் வாரம் கோயமுத்தூருக்கு வருகிறார். போசி கழுவித் துடைத்து அலமாரியில் இருக்கிறது. இருபத்தைந்தாம் தேதி அது தோட்டத்து வீட்டுக்குப் போகும்.